சுவரின் தடிமன்

காலை ஏழேமுக்கால். ராயபுரம் ஸ்டேஷன்.
நாற்பத்திரண்டு பேர் தூண்களை எண்ணினோம்.
ஹரிகேஷுக்கு ஒன்று கூடியது, முபீனாவுக்கு ஒன்று குறைந்தது.
ஒரு தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவரை
எழுப்பிவிட்டு எண்ண யாருக்கும் மனமில்லை.

அங்கிருந்து நடை.
எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையும் ஷட்டரைத் தூக்கவில்லை.
"மதில் கட்டிய செலவுக்கு வரி போட்டார்கள்,
வரி வரவில்லை, வால்டாக்ஸ் ரோடு என்று
பேர் மட்டும் வந்தது" என்றார் துரைக்கண்ணு சார்.
குறுக்கே ஒரு குப்பை லாரி.
பின்வரிசைக்கு அதுவும் வந்து சேரவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை. மிச்சமிருக்கும் மதில்.
ஐந்தைந்து பேராகப் பிரித்து
குழுவுக்கு ஒரு துண்டுச் சுவர் கொடுத்தார்.
தாளில் நான்கு கட்டங்கள்:
நீளம், உயரம், தடிமன், பழுதுகள்.
எனக்கு வாய்த்தது அளவு நாடாவின் பூஜ்ய முனை.
எண்ணை வாசிப்பவர்கள் எப்போதும் மறுமுனையில்.
பூஜ்யத்தைப் பிடிப்பவளுக்கு ஒரே வேலை,
அசையாமலிருப்பது.

நீளம் கிடைத்தது.
உயரம் ஒரு சவுக்குக் கழியில் கிடைத்தது.
தடிமன் கிடைக்கவில்லை.
இந்தப் பக்கம் மதிலை முதுகாக வைத்து வரிசையாய் வீடுகள்,
அந்தப் பக்கம் வெங்காயக் கிடங்கு.
"மூணடி போடு" என்றான் ஹரிகேஷ்.
"கோட்டை மதில்டா, நாலு போடு" என்றான் ஜெரால்டு.
பேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

நீலக் கதவு திறந்தது.
ஸ்டான்லியில் நைட் டூட்டி முடித்து வந்து
இன்னும் அடையாள அட்டையைக் கழற்றாத பெண்.
சகாயமேரி என்று அட்டை சொன்னது.
"கார்ப்பரேசனா?"
"இல்லக்கா, காலேஜு."
"காலேஜுக்கு இன்னாத்துக்கு எங்க வூட்ட அளக்குறீங்க?"
"வீட்ட இல்லக்கா, சுவர. காப்பாத்துறதுக்கு."
"அதான் கேட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் நாடாவை இழுக்கவில்லை.

இன்னா கெடைக்கல என்று அவளேதான் கேட்டாள்.
சொன்னோம். சிரித்தாள்.
உள்ளே, அடுப்புக்கு மேலே, மதிலைக் குடைந்து ஒரு மாடம்.
மாடத்தில் மிக்ஸி.
"மாமனாரு ரேடியோ வெக்கக் குடைஞ்சாரு.
போதையில நிறுத்தத் தெரியல.
அந்தாண்ட வெளிச்சம் வந்ததும் பயந்துபோயி
தகரத்த வெச்சு அடைச்சிட்டாரு."
மிக்ஸியை நகர்த்தினாள். தகரத்தை நெம்பினாள்.
வெங்காய நெடியோடு
கையகல வெளிச்சம்.

ஹரிகேஷ் தெருவைச் சுற்றி ஓடி
மூட்டைகளுக்குள் புகுந்து "விடு" என்று கத்தினான்.
பூஜ்யத்தை உள்ளே விட்டேன்.
யாரோ அடுக்கிய செங்கல், யாரோ குழைத்த சுண்ணாம்பு,
எல்லாம் தாண்டி அந்தப் பக்கம் ஒரு கை
பிடித்து இழுத்தது.
முதல்முறையாக எண் என்னிடம் இருந்தது.
ஒன்று புள்ளி மூன்று எட்டு.
அவள் நாடாவை வாங்கித் தன் வீட்டை அளந்து பார்த்தாள்.
"எங்க வூட்டு அகலத்துல பாதி, வெறும் செவுரு" என்றாள்.

தாளில் தடிமன் நிரம்பியது.
பழுதுகள் கட்டத்தில் ஜெரால்டு எழுதினான்:
ஆலங்கன்று மூன்று, உப்புப் பூத்த இடம் இரண்டு,
ஆக்கிரமிப்பு ஒன்று.
எழுதிவிட்டு
அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தான்.

வரைபடத்தில் ஆக்கிரமிப்புக்குப் புள்ளிக்கோடு.
புள்ளிக்கோடு என்றால்
பேனாவைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும்.
வெட்டுத் தோற்றத்தை நான் அவள் அடுப்பு வழியாகவே எடுத்தேன்.
மிக்ஸியின் ஜாரை, பிளேடை, மூடியின் ரப்பர் வளையத்தை
கை எடுக்காமல் முழுக்கோட்டில் வரைந்தேன்.
சார் நெடுநேரம் பார்த்தார்.
இரண்டு மதிப்பெண் குறைத்தார். ஏனென்று எழுதவில்லை.

நாடா டிபார்ட்மெண்ட் அலமாரிக்குத் திரும்பிவிட்டது.
ஒன்று புள்ளி மூன்று எட்டின் பக்கத்தில்
சட்னி காய்ந்து ஒட்டியிருக்கிறது.
ஜூனியர்கள் எதை அளக்க இழுத்தாலும்
அந்த இடத்தில் ஒருமுறை திக்குகிறது.